நாலு விளக்கு

ஒரு வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தால் முதலில் வருவது சந்தனமும் குங்குமமும். அடுத்து வருவது மச்சினன். அது ஓடவில்லை என்று தெரிந்தால் தெருவே வரும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு 17-ம் தேதி. தேதி முக்கியம். என் மனைவி வீட்டிலிருந்தபடியே நாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறாள். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 3பி ரிட்டர்ன் கெடு 20-ம் தேதி. தாண்டினால், வரி கட்ட வேண்டியவர்களுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். பாக்கி வரிக்கு வட்டி தனி. அதைக்கூடக் கட்டிவிடலாம். "என்னம்மா, லேட் பண்ணிட்டீங்களே!" என்று மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதைச் சலான் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் காலமாகிவிட்டது. கணக்கெல்லாம் பென் டிரைவில் பத்திரம். சீட்டு எடுத்த பணத்தோடு அவளே ரிச்சி தெருவுக்குப் போய் அசெம்பிள் பண்ணச் சொல்லி வாங்கினாள். கடையில் ஓட்டிக் காட்டினார்கள். ஜோராக ஓடியது. ஆட்டோவில் ஏறி, தோண்டிப் போட்ட ரோடுகளையெல்லாம் தாண்டி நங்கநல்லூர் வந்து சேர்ந்ததும் மௌன விரதம்!

முழு மௌனம் என்று சொல்ல முடியாது. ஃபேன் சுற்றுகிறது. பெட்டிக்குள் கோயில் திருவிழா மாதிரி கலர் கலராக லைட். திரையில் மட்டும் அமாவாசை.

"விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும் மாமா. ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றான் மச்சினன். அவனுக்குத் தலைவலி வந்தாலும் ஃபார்மேட்தான் வைத்தியம். எதிர்வீட்டுக்காரர் இன்வர்ட்டர் மேல் பழி போட்டார். மாமியார் தென்மேற்கு மூலையைச் சந்தேகப்பட்டார். கடைக்குப் போன் போட்டால், "போர்டு போயிருக்கும் சார். கொண்டாங்க, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பறேன். பத்து நாள் ஆகும்."

மனைவி ஒன்றும் பேசவில்லை. காலண்டரைப் பார்த்தாள். பிறகு மாடிப்படி ஏறினாள்.

மாடி வீட்டுப் பெரியவர் 40 வருஷம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்தவர். பிக்சர் டியூப் டி.வி. ஒழிந்ததும் அவர் கடையும் ஒழிந்தது. "இதெல்லாம் உங்க காலத்து டெக்னாலஜி இல்லப்பா" என்று சொல்லிச் சொல்லியே, அவர் மகன் வீட்டு மிக்ஸியைக்கூடத் தொட விடுவதில்லை. கையில் லேசாக நடுக்கம் வேறு.

வந்தார். பெட்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது தம்பி. இதோட ஒரு புஸ்தகம் கொடுத்திருப்பானே, அதை எடுங்க."

பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் படித்தார். அந்த அரைமணியில் நானும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

'பூட்' என்கிற சொல்லே பூட்ஸ் வாரிலிருந்து வந்ததாம். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது. நம் பாஷையில், தன் குடுமியைத் தானே பிடித்து எழுந்து நிற்பது. சுவிட்சைப் போட்டதும் மெஷின் முதலில் தன்னைத்தானே பரீட்சை பண்ணிக்கொள்கிறது. விண்டோஸ் எல்லாம் அதில் பாஸான பிறகுதான். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி., எல்லாம் சரியென்றால் 'பீப்' என்று ஒரு தடவை குரல் கொடுக்கும். இப்போது பல போர்டுகளில் அதற்குப் பதிலாகக் கடுகளவு நாலு விளக்கு: சி.பி.யூ., டி-ராம், வி.ஜி.ஏ., பூட். ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். எது அணையாமல் நிற்கிறதோ, கோளாறு அங்கே.

பக்கவாட்டுக் கதவைத் திருப்புளியால் கழற்றினோம். அத்தனை கலர் விளக்குக்கு நடுவே இரண்டாவது கடுகு விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

"ராம்தான். சரியா உட்காரலை போல" என்றேன்.

"ராம் உட்காரலைன்னா பட்டாபிஷேகம் எப்படி நடக்கும்?" என்றார் மாமியார், சமையலறையிலிருந்து.

"ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் தொடணும். ரெண்டைத் தொட்டா, எதனால சரியாச்சுன்னு தெரியாது" என்றார் பெரியவர். பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கிய பிறகும் பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கி மிச்சக் கரண்டை வடியவிட்டார். இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ளச் சொன்னார். தன் கையைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். "நீ பண்ணும்மா. உன் கை நிதானம்."

இரண்டு ராம் பட்டைகளில் ஒன்று, ஒரு ஓரத்தில் நூலளவு தூக்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவின் உபயம்! அவள் அதைக் கழற்றி, பள்ளம் பார்த்து வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள். 'டக்' என்று கொக்கி விழுந்தது.

சுவிட்ச். ஃபேன் சுற்றியது. திரை மறுபடி இருட்டு. அதே இரண்டாவது விளக்கு. ஒரு நிமிஷம் ஆயிற்று. மச்சினன் சுவிட்சை அணைக்கப் பாய்ந்தான்.

"கையை எடு தம்பி! புஸ்தகத்துல போட்டிருக்கான். ராமை மாத்தினா முதல் தடவை அதுகூடப் பேசிப் பழக நேரமாகும். வால்வு ரேடியோவும் சூடேறினாத்தான் பாடும். யார் பொறுமையா இருந்தீங்க?"

புது டிடிஆர்-5 ராமுக்கு இது நிஜம். வேகத்தையும் நேரத்தையும் போர்டு ஒத்திகை பார்த்துச் சரிசெய்துகொள்ள, முதல் முறை சில நிமிஷம் ஆகலாம். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. காத்திருந்தோம். அண்ணாச்சி முகம், சீட்டுப் பணம் எல்லாம் அந்தக் கறுப்புத் திரையில் படமாக ஓடின.

மூன்றாவது நிமிஷம் விளக்கு அணைந்தது. மூன்றாவது விளக்கு மின்னி அணைந்தது. நாலாவதும். திரை விடிந்தது.

20-ம் தேதி மத்தியானமே நாலு கடை ரிட்டர்னும் போய்விட்டது. பெரியவருக்கு மனைவி கவரில் பணம் வைத்து நீட்டினாள். வாங்கவில்லை. "அந்தப் புஸ்தகத்தை ரெண்டு நாள் தரியாம்மா? படிச்சுட்டுத் தரேன்."

நாலாவது நாள் அவர் மகன்தான் கொண்டுவந்து கொடுத்தான். "அப்பா ராத்திரியெல்லாம் இதையேதான் படிச்சாரு" என்றான், கொஞ்சம் பெருமையாக. பின்னட்டையில் நடுங்கும் எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

'1-வது விளக்கு: மூளை. 2-வது: ஞாபகம். 3-வது: கண். 4-வது: கூப்பிட்டால் எழுந்திருக்கும் புத்தி.'

மச்சினனுக்கு நாலாவது விளக்கு இன்னும் அணையவில்லை என்கிறார் மாமியார்.