ஒரு ஏக்கர் நிலமும் ஒரு பட்டமும்

கள்ளக்குறிச்சியில் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், சமீப காலம் வரையில் மூன்று வார்த்தைகளே காதில் விழும்: டாக்டர், இஞ்சினீயர், சர்க்கார் உத்தியோகம். இந்த மும்மூர்த்திகளுக்கு அப்பால் வேறு தெய்வம் உண்டென்று எங்கள் ஜனங்கள் ஒப்புக்கொண்டதே கிடையாது. 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து எங்கள் ஊர் தனி ஜில்லாவின் தலைநகரம் ஆயிற்று. கலெக்டர் கச்சேரி வந்தது. வீட்டு மனைகளின் விலை ஏறிற்று. கூடவே நாலாவது தெய்வம் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் திருநாமம் 'இன்வெஸ்ட்மெண்ட் பாங்கிங்.'

சென்ற கோடையில் கச்சிராயபாளையத்துப் பக்கமிருந்து ஒரு குடியானவர் தம் குமாரியை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மலையடிவாரத்தில் கரும்பும் குச்சிக்கிழங்கும் பயிரிடுகிறவர். நான் நெடுங்காலம் பாங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவனாகையால், பணத்தைப் பற்றிய சந்தேகம் எதுவாயினும் என்னிடம் கேட்டால் தீரும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பெண் பிளஸ் டூவில் வணிகவியல் படித்து நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள்.

அவர் ஒரு வழவழப்பான விளம்பரத் தாளை என்னிடம் நீட்டினார். வெளி ராஜ்யத்துத் தனியார் சர்வகலாசாலை ஒன்றினுடையது. மூன்று வருஷப் படிப்பு. படிப்பின் பெயரிலேயே இன்வெஸ்ட்மெண்ட் பாங்கிங் என்று பொறித்திருந்தது. கட்டணமும் விடுதிச் செலவுமாக 12 லட்சம் ரூபாய்.

"இருக்கிற இரண்டு ஏக்கரில் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், ஐயா. பிள்ளை தலையெடுத்துவிட்டால் நிலம் தானே வந்து சேராதா?" என்றார்.

"தாத்தா, இதைப் படித்தால் அந்த வேலை கிடைக்குமா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள் பெண்.

அந்த வேலை இன்னதென்று தெரிந்தாலல்லவா அதற்கு வழி சொல்லலாம்? 'பாங்கு' என்ற சொல்லைக் கேட்டதும் பணம் வாங்கும் ஜன்னலும், நகைக் கடனும், பாஸ் புத்தகமும் நம் நினைவுக்கு வருகின்றன. இது வேறு. 1906-ஆம் வருஷம் அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஜனங்களிடம் பங்கு விற்று, பம்பாய் வரையில் சென்று பணம் திரட்டி, கப்பல்களும் வாங்கினார். ஒரு காரியத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும், அதை எத்தனை பங்காகப் பிரிப்பது, ஒரு பங்குக்கு என்ன விலை தகும், அதை வாங்க யாரை நம்பச் செய்வது — இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டு, பணம் உள்ளவரையும் பணம் வேண்டியவரையும் சேர்த்து வைப்பதுதான் இத்தொழில். வ. உ. சி. தேசத்துக்காகச் செய்து சிறை சென்றார். இன்று இதையே கூலி வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். கம்பெனிகளை வாங்கவும் விற்கவும் இணைக்கவும் யோசனை சொல்வதும் இவர்கள் வேலையே. இப்போது ஒரு கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களிடம் பங்கு விற்க வேண்டுமானால், 'செபி'யிடம் பதிவு பெற்ற மெர்ச்சண்ட் பாங்கர் வழியாகவே போகவேண்டும்.

கப்பல் கம்பெனி பிறந்த அதே மாதத்தில்தான் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அதை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த அடியிலிருந்து பிறந்த சுதேசி முயற்சியே இந்தியன் பாங்கு. 1907 ஆகஸ்டு 15-ல் அது வேலை தொடங்கியது. பிறர் பணத்தைக் கையாளுகிறவனுக்குக் கணக்கைவிட நாணயம் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "உங்கள் பக்கத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் கரும்பு விவசாயிகளின் பங்குப் பணம் சேர்ந்ததுதான், அம்மா" என்றேன்.

"அப்பாவிடம் ஒரு பங்குப் பத்திரம் இருக்கிறது, தாத்தா. டிரங்குப் பெட்டியில் பார்த்திருக்கிறேன்" என்றாள். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இனி வழிக்கு வருவோம். இத்தொழிலின் பெரிய ஸ்தாபனங்கள் ஆளைத் தேடும்போது, பட்டத்தின் பெயரைவிடக் கலாசாலையின் பெயரையே அதிகம் பார்க்கின்றன. இது நியாயமா என்றால், இல்லை. ஆயினும் நடைமுறை அதுவே. முதல் வாசல் பதினெட்டு வயதில் திறக்கிறது: ஐ.ஐ.டி.க்கள், 1926-ல் நிறுவப்பட்ட டில்லி ஸ்ரீராம் வணிகக் கலாசாலை போன்றவை. டில்லி சர்வகலாசாலைக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். அதற்கு மனுப் போடும் காலம் எங்கள் பெண்ணுக்குத் தாண்டிவிட்டது. இரண்டாவது வாசல் இருபத்தொரு வயதுக்கு மேல்: 1961-ல் தொடங்கிய ஆமதாபாத், கல்கத்தா, 1973-ல் தொடங்கிய பெங்களூர் ஆகிய ஐ.ஐ.எம். கழகங்கள். 'காட்' பரீட்சையில் தேறினால் எந்தக் கலாசாலைப் பட்டதாரியும் இதில் நுழையலாம். பக்கத்திலேயே ஒரு திட்டிவாசலும் உண்டு. அது சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் படிப்பு. கடினம்தான், ஆனால் செலவு மிகக் குறைவு.

இப்போது அந்த விளம்பரத் தாளைக் கையில் எடுப்போம். பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருஷக் கட்டணம் 20 லட்சத்துக்கு மேல். அங்கே இடம் கிடைத்த பிள்ளைக்குப் பாங்குகள் நிலத்தையும் வீட்டையும் ஈடு கேளாமலே கடன் கொடுப்பது வழக்கம். ஏன்? படித்து வெளியே வருகிறவர் திருப்பிக் கட்டுவார் என்று அவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கின்றன. "இந்த 12 லட்சப் படிப்புக்கு ஈடில்லாமல் எந்தப் பாங்கு கடன் தருகிறது என்று விசாரித்தீர்களா?" என்று கேட்டேன். அவர் இரண்டு இடத்தில் விசாரித்திருந்தார்; இரண்டிலும் நிலப் பத்திரம் கேட்டார்களாம். "பணத்தின் போக்கை அறிந்த பாங்குக்காரன் எடுக்கத் துணியாத அபாயத்தைக் குச்சிக்கிழங்கு பயிரிடும் நீங்கள் ஏன் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவேண்டும்?" என்றேன்.

அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அந்த இரண்டாவது வாசலும் திறக்காவிட்டால்?" என்றார்.

நல்ல கேள்வி. 'காட்' பரீட்சையை வருஷந்தோறும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள். பெரிய கழகங்களில் இடங்களோ சொற்பம். ஆகையால் முதல் மூன்று வருஷத்தைத் தனித்து நிற்கக்கூடிய படிப்பில் போடவேண்டும். சென்னையில் சர்க்கார் உதவி பெறும் நல்ல கலாசாலையில் பி.காம்.; கூடவே சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் முதல் பரீட்சை; தினந்தோறும் ஆங்கிலப் பத்திரிகையில் கம்பெனிச் செய்தி. பெரிய வாசல் திறக்காவிட்டாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். ஊரில் நிலமும் இருக்கும். சென்னை லயோலா கலாசாலையில் படித்து ஸ்டேட் பாங்கில் சேர்ந்த என். வாகுல், 1985-ல் ஐ.ஸி.ஐ.ஸி.ஐ.யின் தலைவரானார். அவர் படித்த காலத்தில் இந்தத் தொழிலின் பெயரில் ஒரு பட்டமே கிடையாது.

"வெள்ளிமலையிலிருந்து வந்து என்னோடு படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் இதேதானா?" என்று பெண் கேட்டாள். கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் வரும் கல்வராயன் மலை, 1976 வரையில் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளி எனப்படும் அந்த மலைவாழ் குடியின் பிள்ளைகளுக்கு, பழங்குடியினர் என்ற முறையில், மத்திய சர்க்கார் கழகங்களில் 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் உரிமை உண்டு. அந்தத் தோழிக்கு இரண்டாவது வாசல் இன்னும் சற்று அகலம். சாதிச் சான்றிதழை மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசி நேரத்தில் அதற்காக அலைந்து இடத்தை நழுவவிட்ட பிள்ளைகள் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் செய்தேன். சென்னையிலும் பெங்களூரிலும் கட்டடத்தின் நெற்றியில் பெரிய பாங்கின் பெயர் இருக்கும். உள்ளே சிலருக்குக் கிடைப்பது கணக்குச் சரிபார்க்கும் வேலை. அது கௌரவமான வேலைதான். ஆயினும், சேருமுன் என்ன வேலை என்று கேட்டுக்கொள்வது நல்லது. உண்மையான தொழிலிலோ ராத்தூக்கம் சொற்பம். உடம்பு தாங்குமா என்பதையும் யோசிக்கவேண்டும்.

பெண் இப்போது சென்னையில் பி.காம். முதல் வருஷம் படிக்கிறாள். தகப்பனார் அந்த ஏக்கரில் இந்தப் பருவத்துக்குக் கரும்பு நட்டிருக்கிறார். போன வாரம் அவள் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். டிரங்குப் பெட்டியிலிருக்கும் அந்தப் பங்குப் பத்திரத்துக்கு ஆலை இதுவரை எவ்வளவு லாபப் பங்கு கொடுத்திருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லும்படி அதில் கேட்டிருக்கிறாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.