சத்திரசிகிச்சைக்கு முந்திய 21 நாட்கள்

நிறுவை என்பது வட்டவளைப் பக்கத்தாருக்குப் புதிய விடயமன்று. கொழுந்து மடுவத்திலே தராசின் அருகில் நின்று, தாயாரின் கொழுந்து எத்தனை கிலோ என்று கணக்கப்பிள்ளை கூறுவதைச் செவிமடுத்து வளர்ந்தவர்கள் நாம். ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது; கொழுந்து நனையாத நாட்கள் குறைவு. ஆதலின் நிறுத்த எடையிலிருந்து தண்ணீருக்கென்று சில கிலோ கழிப்பதுண்டு. அக்கழிவின் நியாய அநியாயம் வேறொரு நாளைக்குரிய பேச்சு. ஆயினும், தராசு காட்டுவதெல்லாம் கொழுந்தன்று, அதில் தண்ணீரும் உண்டு என்ற இப்பழைய அறிவு, சென்ற ஆண்டு எமது இல்லத்தில் எதிர்பாராத வகையிலே பயன்பட்டது.

எமது தமக்கையார் தோட்டப் பாடசாலை ஆசிரியை. வயது 44, உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 112 கிலோ. உடற்திணிவுச் சுட்டி ஏறத்தாழ 45 ஆகும். ஆசிய மக்களுக்கு அச்சுட்டி 27.5ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. பன்னிரண்டு ஆண்டு நீரிழிவு, நாளுக்கு இரு முறை இன்சுலின், இரு முழங்கால்களிலும் ஓயாத வலி. தெருவிலிருந்து எமது வீட்டுக்கு ஏறும் படிகளிலே மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்குவார்.

அவர் பெருந்தீனிக்காரி அல்லர். அதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். விடியற்காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு சாயத் தேநீரும் உண்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய எமது தாயாரின் உணவையே தமக்கையாரும் உண்டார். தாயாரோ அதனை மலையில் ஏறி இறங்கிச் செலவழித்தார். தமக்கையார் கரும்பலகையின் முன் நின்றார். ஒரு தலைமுறையில் வேலை மாறியது, தட்டு மாறவில்லை. அதற்கு மேல் பரம்பரை வேறு.

உணவு முறையால் நான்கு தடவை இளைத்து, நான்கு தடவையும் பழைய எடைக்கு மேலாகவே அவர் திரும்பிய பின்னர், கொழும்பிலே வைத்தியர்கள் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்கு ஆலோசனை கூறினர். நாமும் உடன் சென்றிருந்தோம். நாள் குறித்த கையோடு வைத்தியர் மற்றுமொன்றைச் சொன்னார். அதற்கு முன் 21 நாட்கள் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குள் உண்டு எடை குறைக்க வேண்டும் என்பதே அது.

செய்தி ஊருக்குப் பரவியது. எமது அத்தையார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் கேட்ட முதற் கேள்வி: “ஏம்மா, பட்டினி கெடந்தே எளைக்கலாம்னா, வயித்த எதுக்கு வெட்டணும்?”

நல்ல கேள்விதான். அதற்கு விடையாக வைத்தியர் கூறியதை இங்கே தருகிறோம். இந்த 21 நாள் உணவு மெலிவதற்காக ஏற்பட்டதன்று, ஈரலுக்காக ஏற்பட்டது. ஈரலின் இடப் பகுதி இரைப்பையின் மேற்பாகத்தை மூடிக்கொண்டிருக்கிறது. பருத்த உடலினரிற் பெரும்பாலோருக்கு ஈரலிலும் கொழுப்பு ஏறி, அது வீங்கிக் கனத்து, தொட்டால் கிழிந்து குருதி பெருகும் நிலையில் இருக்கும். வயிற்றில் இடும் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தி, முதலில் இந்த ஈரலைத் தூக்கிப் பிடித்த பின்னரே இரைப்பையை அணுக முடியும். தூக்க முடியாவிடின் வயிற்றைப் பெரிதாகத் திறக்கவோ, சத்திரசிகிச்சையை இடையில் நிறுத்தவோ நேரிடும். ஆனால் உணவைக் குறைத்தவுடன் விரைந்து சுருங்குவதும் இதே ஈரல்தான். ஆஸ்திரேலியாவில் 32 பேருக்குப் பன்னிரண்டு வாரம் மிகக்குறைந்த கலோரி உணவு கொடுத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வொன்றிலே, ஈரல் சுருங்கியதில் ஏறத்தாழ 80 சதவீதம் முதல் இரண்டு வாரங்களிலேயே நிகழ்ந்திருந்தது.

பட்டினியால் இளைத்தவர் ஏன் அப்படியே இருப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின் என்னும் பசிச் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பாகத்தில் உண்டாகிறது. உணவைக் குறைத்து இளைத்தவர் உடலிலே அது முன்னிலும் அதிகமாகச் சுரந்து பசியைத் தூண்டும். தமக்கையாருக்குச் செய்யவிருந்த சத்திரசிகிச்சையில் அம்மேற்பாகம் உட்பட இரைப்பையின் முக்காற்பங்குக்கு மேல் அகற்றப்படும். மனவுறுதி போதாதென்று பிறர் ஏசுவது எவ்வளவு அறியாமை! அத்தையார் முழுவதும் நம்பினார் என்று சொல்ல முடியாது. “சரி, வைத்தியர் சொன்னா சரிதான்” என்று எழுந்து போனார்.

அவித்த முட்டை, பாசிப்பயறு, வல்லாரை, பொன்னாங்காணி, தோலில்லாக் கோழி இறைச்சி, மரக்கறிச் சூப், கொழுப்பு நீக்கிய பால், சீனியில்லாச் சாயம் ஆகியவையே 21 நாள் உணவு. தாயார் தமக்கையார் பாடசாலை சென்ற பின்னரே ரொட்டி சுட்டார். அதன் மணம் அவ்வளவு கொடியது. ஆனி மாத மழையிலும் அட்டையிலும் நடை இயலாதாகையால், பாடசாலை விட்ட பின் தமக்கையார் நீண்ட விறாந்தையிலே நடந்தார்.

இன்சுலின் போடுவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உணவு குறைந்த பின்னும் பழைய அளவையே ஏற்றினால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். முதல் நாளே வைத்தியர் அளவைக் குறைத்திருந்தும், ஐந்தாம் நாள் விடியலில் கருவி 64 என்று காட்டியது. உடனே சீனி கரைத்துக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டு மேலும் குறைத்தோம். வைத்தியர் மேற்பார்வையின்றி இவ்வுணவைத் தாமாகத் தொடங்குதல் ஆகாது.

முதல் வாரத்தில் 3.4 கிலோ இறங்கியது. வீடெங்கும் மகிழ்ச்சி. இரண்டாம் வாரம் 1.1 கிலோதான். தமக்கையார் அன்றிரவு உண்ணவில்லை. தராசு இறங்காவிடில் தம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இந்த முழங்கால்களோடும் ஊசியோடும் மீண்டும் இதே படிகளில் ஏறவேண்டும் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க உடற்பருமன் சத்திரசிகிச்சைச் சங்கம், இத்தனை கிலோ குறைத்தாலன்றிச் சிகிச்சை இல்லை என்று காப்புறுதி நிறுவனங்கள் விதிப்பதற்கு ஆதாரம் இல்லை என 2016இல் அறிவித்திருப்பதை நாம் படித்துக் காட்டினோம். அவர் கேளாதவர்போல் இருந்தார்.

உடலிலே சேமித்த மாச்சத்து ஒரு பங்குக்குச் சுமார் மூன்று பங்கு நீர் ஒட்டியிருக்கும் என்றும், முதல் வாரத்தில் அச்சேமிப்புக் கரையும்போது நீரும் சேர்ந்து போகிறது என்றும் விளக்கலானோம். பாதியிலே தாயார் குறுக்கிட்டார்.

“மொத வாரம் போனது தண்ணிக் கழிவு. இந்த வாரம் போனதுதான் கொழுந்து. எந்திரிச்சு முட்டையச் சாப்பிடு.”

தமக்கையார் சிரித்துவிட்டார். உண்டார்.

21ஆம் நாள் எடை 106.1 கிலோ. சத்திரசிகிச்சை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஈரலைத் தூக்குவதில் தொல்லை இருக்கவில்லை என்று வைத்தியர் வெளியே வந்து கூறினார். இன்று, பத்து மாதங்களின் பின்னர், எடை 81 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது, ஒரு மாத்திரை மட்டும் தொடர்கிறது. ஒரு வேளை உணவு ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்குகிறது. விற்றமின் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கும் கொழும்பு செல்ல வேண்டும். அடுத்த தவணைக்குப் பாடசாலை விடுமுறையைப் பார்த்து நாள் குறித்திருக்கிறோம்.