கரைவெட்டிப் படங்களில் இல்லாதவர்கள்

எங்கள் காலனி ஆயா ஒருவரின் முகம் ஒரு புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. ஆயாவுக்கு அது தெரியாது. நாங்களும் உறுப்பினராக இருக்கும் புகைப்படக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிறு இரவு அந்தப் படம் வந்தது. கறுப்பு வெள்ளை. முகச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். 'வறுமையின் புன்னகை' என்று தலைப்பு. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

மறுநாள் ஆயாவிடம் போனைக் காட்டினோம். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "யாரு எடுத்தா இத? அன்னைக்குக் கால் கழுவத் தண்ணி கேட்டு வந்துச்சே, அந்தத் தம்பியா? சொல்லியிருந்தா தலயச் சீவிக்கிட்டு வந்திருப்பேன்ல" என்றார். தலைப்பைப் படித்துச் சொன்னோம். "வறுமையில எவளாச்சும் சிரிப்பாளா? அந்தத் தம்பி செருப்பு சேத்துல மாட்டிக்கிட்டு நொண்டி நொண்டி வந்துச்சி. அதப் பாத்து சிரிச்சேன்" என்றார்.

அந்தக் கழகத்துக்கு நாங்கள் ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் நான்கு பேர். திருமானூர் ஒன்றியத்துக் கிராமங்களில் மாலைப் படிப்பு மையம் நடத்துகிறோம். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிறோம். எங்களில் ஒருவர் சமூகவியல் முதுகலை படித்தவர். மற்றவர்கள் படித்தது வேறு. கேமரா என்ற பொருளை எங்களில் யாரும் அதுவரை கையில் எடுத்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் எங்கள் மக்களின் வீடுகள் மேல் கல்லெறிந்து, கூரையைப் பிரித்துப் போட்டார்கள். இரவோடு இரவாக ஓடிப்போய்ப் போனில் படம் எடுத்தோம். பாதிப் படங்களில் கை ஆடியிருந்தது. மீதியில் டார்ச் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதை வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பினோம். எடுத்தவருடைய போன் கெட்டுப்போன பிறகு, அனுப்பியதையே திருப்பி வாங்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். எப்போது எடுத்தது, எந்தப் போனில் எடுத்தது, மூலம் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். படத்துக்குள் பதிந்திருக்கும் நாள், நேரம், இடம், கருவி பற்றிய தகவல்களும் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் படம் அப்படியே போகும். இந்தச் சின்ன விஷயத்தைக் கழகத்தில் ஒரு ஸ்டுடியோக்கார அண்ணன்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி பிரிவு, 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டத்தில் 63. ஆனால் மூலப் படத்தை எப்படிப் பாதுகாப்பது என்று சட்டம் படித்தவர்கள் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. களத்தில் இருக்கும் தோழர்கள் இதை மட்டுமாவது குறித்துக் கொள்ளுங்கள். எடுத்த படத்தை எடுத்த போனிலிருந்து அழிக்காதீர்கள்.

கழகம் பக்கத்து நகரத்தில் இருக்கிறது. வங்கி ஊழியர், ஆசிரியர்கள், சிமெண்ட் ஆலைப் பொறியாளர் ஒருவர், இரண்டு ஸ்டுடியோக்காரர்கள். ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவோம். திருமழபாடி, ஏலாக்குறிச்சி, கொள்ளிடக்கரை என்று வாரம் ஓரிடம். வழியில் டீ. மாதக் கடைசியில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடி, ஆளுக்கு இரண்டு படத்தைத் திரையில் போடுவோம். யார் எடுத்தது என்று சொல்ல மாட்டார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் பெயர் வரும். அந்த முறை எங்களுக்குப் பிடித்திருந்தது. பெயரும் ஊரும் தெரிவதற்கு முன்பே எங்கள் வேலையைப் பற்றிப் பேசியவர்களை வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. விலை உயர்ந்த லென்ஸைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்து, "போட்டுப் பாருங்க தம்பி, ஒண்ணும் ஆவாது" என்றவர்கள் அவர்கள். அதை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது.

குளிர்காலம் வந்தால் கழகம் மொத்தமும் கரைவெட்டிக்குக் கிளம்பிவிடும். திருமானூர் ஒன்றியத்தில் இருக்கும் அந்த ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சுமார் 454 ஹெக்டேர். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளுக்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் பெரிய பெரிய லென்ஸோடு வருகிறார்கள். நாங்களும் கரையில் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறோம். வாத்துக் கூட்டம் தண்ணீரை விட்டு எழும்பும் நொடியில் மூச்சு நின்றுபோகும். அதில் பொய் இல்லை.

ஒரு மாதக் கூட்டத்தில் எங்களில் ஒருவர் எடுத்த படம் திரைக்கு வந்தது. முன்னால் நான்கைந்து வாத்துகள். பின்னால், கொஞ்சம் மங்கலாக, தலையில் புல்லுக்கட்டோடு கரையில் நடந்து போகும் ஒரு பெண். எங்கள் படிப்பு மையத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் அம்மா. நடுவராக வந்தவர் படத்தைப் பாராட்டிவிட்டு, "அந்தப் பொம்பளைய மட்டும் கட் பண்ணிட்டா இது பரிசுக்குப் போகும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போட்டிகளில் 'இயற்கை' என்ற பிரிவுக்கு விதியே அதுதான். அமெரிக்காவின் பி.எஸ்.ஏ., சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.பி. போன்றவை வகுத்திருக்கும் வரையறைப்படி இயற்கைப் படத்தில் மனிதத் தடயம் இருக்கக் கூடாது. மனிதர் மாற்றியமைத்த இடத்தில் வாழப் பழகிக்கொண்ட கூகை, நாரை போன்றவற்றின் கதைக்குத் தேவையென்றால் விலக்கு உண்டு.

கரைவெட்டியில் மனிதத் தடயம் இல்லாத இடம் எது? அது ஏரி. பெயரிலேயே கரையும் வெட்டும் இருக்கின்றன. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்தால்தான் அது நிறையும். வாய்க்காலும் கரையும் மண்வெட்டி பிடித்த கைகளின் வேலை. அந்தக் கைகளின் சந்ததி புல்லறுத்துக்கொண்டு போனால் படம் கெட்டுவிடுகிறது. கூகைக்குக் கிடைக்கும் விலக்கு புல்லுக்கட்டு அக்காவுக்குக் கிடைப்பதில்லை.

இதே கழகத்தில் 'மக்கள்' என்று இன்னொரு பிரிவு உண்டு. ஆயாவின் படம் பரிசு வாங்கியது அதில்தான். அந்தப் பிரிவுக்கு ஆள் தேடி எங்கே போகிறார்கள் என்று ஓராண்டுப் படங்களைத் திரும்பப் பார்த்தோம். காலனி, செங்கல் சூளை, ஆற்றங்கரை, சுடுகாடு. நாங்கள் பார்த்தவரை அக்கிரகாரத்துத் திண்ணையிலோ பெரிய வீட்டுத் தாழ்வாரத்திலோ தலை கலைந்து உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருவர்கூட இல்லை. அந்தக் கதவைத் தட்டாமல் உள்ளே போக முடியாது. எங்கள் வீடுகளுக்குக் கேட்காமல் வரலாம் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். சென்னைப் புகைப்படச் சங்கம் 1857-இல் தொடங்கியது, இந்தியாவின் மிகப் பழைய புகைப்படச் சங்கங்களில் ஒன்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஆங்கிலேய அரசு 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது (1868–1875). சாதிக்கு ஒரு படம், பழங்குடிக்கு ஒரு படம். பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து, படமெடுத்து, 1909-இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். அந்தப் படங்களில் எங்கள் முன்னோர்கள் நேராகவும் பக்கவாட்டிலும் நிற்கிறார்கள். கீழே சாதிப் பெயர் இருக்கும். ஆள் பெயரைத் தேட வேண்டும். அங்கே சாதிப் பெயர் நின்ற இடத்தில் இன்று 'வறுமை' என்ற சொல் நிற்கிறது.

காலனி வீடுகளில் என்ன படங்கள் இருக்கின்றன என்று ஒரு முறை எங்கள் மையத்துப் பிள்ளைகளை வைத்தே பார்க்கச் சொன்னோம். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார். கல்யாண ஆல்பம் சில வீடுகளில். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை அரசாங்கமே தினமும் இரண்டு முறை படமெடுக்கிறது. 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவுக்கு அந்தச் செயலி கட்டாயம். அந்தப் படம் மேலே போகும், கூலி வரும் அல்லது வராது, படம் மட்டும் அவர்களிடம் திரும்பி வராது. யாராவது இறந்துபோனால் ரேஷன் கார்டில் இருக்கும் தபால்தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி, ஃபிளெக்ஸ்காரர் அதற்கு ஒரு நீலச் சட்டை மாட்டிவிட்டு, 'கண்ணீர் அஞ்சலி' அடித்துக் கொடுப்பார். சட்டைக்கும் கழுத்துக்கும் நிறம் ஒட்டாது.

ஆயாவின் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் எழுப்பினோம். மூன்றே கோரிக்கைகள். கேட்டுவிட்டு எடுங்கள். சம்மதித்தால் பெயரைப் போடுங்கள், இல்லையென்றால் தலைப்பில் வறுமை, சோகம் என்று நீங்களாக எதையும் ஏற்றாதீர்கள். ஒரு பிரிண்ட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒருவர், "கேட்டு எடுத்தா அந்த இயல்பு வராது சார்" என்றார். அது ஒரு வாதம், பேசலாம். இன்னொருவர், "எல்லாத்துலயும் சாதியக் கொண்டாந்துடுவீங்க" என்றார். அவருடைய பேத்தியின் படத்தை யாராவது கேட்காமல் எடுத்து 'கொழுப்பின் புன்னகை' என்று போட்டால் சும்மா இருப்பாரா என்று எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டிருக்க வேண்டாம். அன்றோடு அவர் குழுவை விட்டு வெளியேறினார். ஸ்டுடியோக்கார அண்ணன் மட்டும் எழுந்து, "பிரிண்ட் செலவு என்னோடது" என்றார். பிரிண்ட் கொடுப்பது என்று முடிவானது. தலைப்பு விஷயம் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போனது.

கேமராவை எங்கள் கையில் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அதற்கு முன்மாதிரிகளும் இருந்தன. 1963-இல் நியூயார்க்கில் கறுப்பினப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து கமோயிங்கே என்ற குழுவைத் தொடங்கினார்கள். கிகுயூ மொழியில் சேர்ந்து இயங்கும் கூட்டம் என்று பொருள். ராய் டிகராவா அதன் முதல் இயக்குநர். ஹார்லெமைக் குற்றமும் குப்பையுமாகக் காட்டிய பத்திரிகைப் படங்கள் மேல் அவர்களுக்குக் கோபம். கூடி உட்கார்ந்து, ஒருவர் படத்தை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். நம் பக்கத்தில் மதுரை ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த எம். பழனிகுமார். 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், 'பாரி' தளத்தின் புகைப்படக்காரர். துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பிள்ளைகளுக்கும் கேமரா சொல்லிக் கொடுக்கிறார். வடசென்னை இளைஞர்கள் எடுத்த படங்கள் 2023-இல் தர்ஸ்டனின் அதே எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. அளக்கப்பட்டவர்களின் ஊரிலிருந்து பிள்ளைகள் படச்சட்டத்தோடு அங்கே நுழைந்ததை நினைத்து நாங்கள் வெகுநாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தச் சந்தோஷத்தில் எங்கள் மையத்துப் பிள்ளைகளிடம் இரண்டு பழைய போன்களைக் கொடுத்து, "ஒங்க தெருவ எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினோம். ஒழுகும் தொகுப்பு வீடு, சாக்கடை, தெருமுனையோடு நின்றுவிட்ட சிமெண்ட் சாலை எல்லாம் வரும் என்று காத்திருந்தோம். வந்தவை: மாமாவின் புது பைக், அக்காவின் சடங்குப் பாவாடை தாவணி, கறுப்புக் கண்ணாடி போட்ட அவர்களே, அதே கண்ணாடி போட்ட நாய். ஒரு பையன் அம்மா தூங்குவதை எடுத்திருந்தான். "எப்பவும் வேல செய்யறப்பதான் பாக்குறேன், அதான்" என்றான்.

எங்களுக்கு முதலில் ஏமாற்றம். 'இதை அறிக்கையில் போட முடியாதே' என்று எங்களில் ஒருவர் வாய்விட்டே சொன்னார். சொன்ன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இத்தனை ஆண்டுகள் எழுதி அனுப்பிய அறிக்கைகளின் அட்டைகளைப் போய் எடுத்துப் பார்த்தோம். அழும் பெண், எரிந்த குடிசை, மூக்கு ஒழுகும் குழந்தை. வழக்குக்குத் தேவைப்பட்ட படங்கள் வேறு, அவற்றை விடுவோம். அட்டைக்கு என்று தேர்ந்தெடுத்தவற்றில் ஒன்றில்கூடச் சட்டை கசங்காத ஆள் இல்லை. எத்தனை பேரிடம் கேட்டு எடுத்தோம் என்று கணக்குப் பார்த்தால் கழகத்துக்காரர்களிடம் சத்தம் போட எங்களுக்கு இருந்த தகுதி குறைவுதான். அவர் 'வறுமையின் புன்னகை' என்று போட்டார். நாங்கள் 'பாதிக்கப்பட்ட பெண்' என்று போட்டிருந்தோம்.

அந்த ஏப்ரல் 14 அன்று பிள்ளைகளின் படங்களைச் சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டினோம். கறுப்புக் கண்ணாடி நாய்க்குத்தான் கூட்டம் அதிகம். தூங்கும் அம்மா வந்து தன் படத்தைப் பார்த்துவிட்டு, "எடு எடு, எல்லாரும் பாக்குறாங்க" என்று வெட்கப்பட்டார். எடுத்துச் சுருட்டி அவரிடமே கொடுத்துவிட்டோம். ஸ்டுடியோக்கார அண்ணன் கழகத்திலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் யாரும் அன்று கேமராவை வெளியே எடுக்கவில்லை.

ஆயாவும் வந்தார். கத்திரிப்பூ நிறப் புடவை, தலையில் எண்ணெய், காதில் மகளின் கம்மல். நாற்காலி கேட்டார். "கால் தெரியட்டும், செருப்போட எடு" என்றார். சிரிக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். அண்ணன் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுத்தார். ஆயா அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். சுவரில் மாட்டவில்லையா என்று கேட்டோம். "நான் போனப்பறம் மாட்டுங்க. ரேசன் கார்டு படத்த எடுத்து நீலச் சட்ட கீலச் சட்ட மாட்டி விட்றாதீங்க" என்றார்.

பரிசு வாங்கிய பழைய படம் கழகத்தின் பக்கத்தில் அதே தலைப்போடு இன்னும் இருக்கிறது. மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டோம். வரும் மாதக் கூட்டத்தில் மூன்றாம் முறையாகக் கேட்கப் போகிறோம். இந்த முறை தானும் வருவதாக ஆயா சொல்லியிருக்கிறார்.