பத்து டன்னும் கை வழியாக

மாசி பிறந்துவிட்டால் திண்டிவனம் – மரக்காணம் சாலையின் ஓரமெல்லாம் தர்ப்பூசணிக் குவியல்தான். காரில் போகிறவர்கள் நிறுத்தி, தட்டிப் பார்த்து வாங்குவார்கள். சாலையை விட்டு உள்ளே பிரியும் மண் பாதையில் போனால்தான் வெட்டும் இடம் வரும். நான் பார்க்கப் போனது அந்த வெட்டையும் வெட்டுகிறவர்களையும்.

ஆட்களைக் கூட்டிவருபவருக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறார். ஓட்டுநரும் அவர்தான், மேஸ்திரியும் அவர்தான். வியாபாரி முதல் நாள் இரவு கூப்பிட்டு எந்த வயல், எத்தனை டன் என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் இவர் ஒவ்வொரு வீடாகப் போன் போடுகிறார். மரக்காணம் உப்பளத்துக்குப் போகும் பெண்களை இந்த மாதங்களில் கூப்பிடுவது கஷ்டம், அங்கேயும் இதுதான் வேலைக்காலம் என்றார். முன்பு குட்டியானையில் நிற்கவைத்து ஏற்றிப் போயிருக்கிறார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அது தெரிந்தும், பேருந்து போகாத வயலுக்கு வேறு வழி இல்லாமல் ஓட்டியதாகச் சொன்னார். இப்போது வேனில் இரண்டு நடையாகக் கொண்டுபோகிறார். டீசல் கூடுதல்தான். “புள்ளைங்களோட அம்மாவெல்லாம் பின்னாடி நின்னுக்கினு வர்றாங்க, எனக்கு ரோட்டுல கண்ணு நிக்கல சார்” என்றார்.

வயலுக்குப் போனபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. விடியற்காலையிலேயே வந்து குளிரோடு முடித்துவிடக் கூடாதா என்று கேட்டேன். காய் விடாது என்றார்கள். இரவெல்லாம் வேர் இழுத்த நீரில் காலையில் காய் விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் வெட்டினால் லேசாக இடித்தாலும் விரிந்துவிடும். வெயில் பட்டுக் கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் கத்தி. பிறகு மாலைக்குள் ஏற்றி முடிக்க வேண்டும், இரவில் லாரி ஓடி விடியும்போது சந்தையில் நிற்க வேண்டும். ஆக, உச்சி வெயிலில் வேலை செய்வது இவர்கள் தேர்ந்துகொண்டதல்ல. பழத்தின் உடம்பும் சந்தையின் கடிகாரமும் சேர்ந்து இவர்களை வெயிலில் நிறுத்துகின்றன.

முதலில் வயலில் இறங்குவது ஒரே ஒரு அக்கா. கையில் சின்னக் கத்தி. மல்ச்சிங் ஷீட் விரித்த பாத்திகளுக்கு நடுவே, கொடியில் கால் படாமல் அடியெடுத்து வைக்கிறார். இது முதல் வெட்டு. அடுத்த வெட்டுக்கான பிஞ்சுகளும் அதே கொடியில் இருக்கின்றன, கொடி நசுங்கினால் அவை போச்சு.

“தட்டிப் பாக்கறதெல்லாம் கடையில வாங்கறவங்களுக்கு தம்பி. எங்களுக்குக் கண்ணுதான்” என்று சொல்லிக்கொண்டே ஒரு காயைப் புரட்டினார். தரையில் படிந்திருந்த பக்கம் வெள்ளையாக இருந்தால் விட்டுவிடுகிறார், மஞ்சள் ஏறியிருந்தால் மட்டும் காம்பைப் பார்க்கிறார். காம்பு பிரியும் இடத்தில் நூல்போல் ஒரு கம்பி சுருண்டிருக்கிறது. அது பச்சையாக இருந்தால் இன்னும் சில நாள் விட வேண்டும், காய்ந்து பழுப்பாகியிருந்தால் வெட்டலாம். பிய்த்து இழுப்பதில்லை. காம்பில் இரண்டு விரல் அளவு விட்டு அறுக்கிறார். பிய்த்தால் அந்தப் புண் வழியாக அழுகல் ஏறும்.

தர்ப்பூசணி விஷயத்தில் இந்தக் கண்தான் எல்லாம். மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கலாம். கொடியை விட்டுப் பிரிந்த தர்ப்பூசணிக்கு அதன்பின் ஒரு துளி இனிப்பும் கூடாது. அந்த அக்கா கத்தி வைக்கும் நொடியில் இருக்கும் சுவைதான் நம் நாக்குக்கு வந்து சேர்கிறது. விலை ஏறும்போது வியாபாரியின் ஆள் பக்கத்தில் நின்று ‘அதையும் வெட்டு, இதையும் வெட்டு’ என்று அவசரப்படுத்துவாராம். நான் இருந்தபோதும் ஒரு காயைக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். இந்த அறிவுக்குத் தனிக் கூலி கிடையாது. ஏற்றிய டன்னுக்கு வரும் தொகையை எல்லோரும் பங்கிடும்போது அவருக்கும் அதே பங்குதான். இது சரியில்லை என்பது என் எண்ணம்.

வெட்டிய காயைப் பெண்கள் கூடையில் வரப்புக்குச் சுமக்கிறார்கள். அங்கிருந்து ஆண்கள் வரிசை. ஒருவர் வீச, அடுத்தவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மறுபடி வீச, லாரிக்குள் நிற்பவர் வைக்கோல் பரப்பிய தளத்தில் படுக்கவைத்து அடுக்குகிறார். பத்து டன் லோடு, காய் சராசரி ஐந்து கிலோ என்று வைத்தாலே இரண்டாயிரம் காய். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரின் கை வழியாகவும் அந்தப் பத்து டன்னும் போகிறது. பிடிக்கும்போது கையைப் பின்னால் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் விரல் மடங்கிவிடும். ஒருவரும் பேசுவதில்லை. கவனம் பிசகினால் உடைவது காய் மட்டுமல்ல, கால் விரலும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் 2025 ஏப்ரலைப் பற்றிப் பேச்சு வந்தது. பழத்தில் ஊசியால் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பரவி, மக்கள் வாங்கப் பயந்து, விலை அப்படியே விழுந்த பருவம் அது. தக்காளியைச் சிவப்பாக்கும் அதே லைகோபீன்தான் தர்ப்பூசணிக்கும் நிறம் கொடுக்கிறது. ஊசி குத்திய காய் அந்தத் துளை வழியாகவே கெட்டுப்போகும், லாரிப் பயணத்தையும் சந்தையையும் தாங்காது. வெட்டுக்கூலிகூடக் கட்டாது என்று வயலிலேயே காயை விட்டவர்கள் இருந்தார்கள். உழவர்களின் நட்டம் செய்தியானது, அது ஆகவேண்டியதுதான். வெட்டு நின்றதால் பானை காய்ந்த இந்தக் கூட்டத்தைப் பற்றி நான் எங்கும் படிக்கவில்லை. “வாங்கின அட்வான்ஸை வியாபாரி திருப்பிக் கேட்டாரு. இவங்க கையில ஏற்கெனவே குடுத்துட்டேன், எங்க போய் வாங்கறது?” என்றார் மேஸ்திரி. அந்தக் கடனை மல்லாட்டை (நிலக்கடலை) பறிப்புக்கு ஆள் கூட்டிப்போய் அடைத்திருக்கிறார். நெல்லறுப்பு இயந்திரத்துக்குப் போன பிறகு இவர்களுக்கு மிச்சம் இருப்பது இப்படிப்பட்ட கைவேலைகள்தான்.

தர்ப்பூசணி வயலில் நிழல் கிடையாது, கொடி முழங்காலுக்கு மேல் வளர்வதில்லை. அன்று எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டது லாரியின் நிழலில். ஒதுங்க மறைவு இல்லை என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குறைத்துக் குடிப்பதாகக் கத்தி பிடித்த அக்கா சொன்னார், அதுவும் அந்த வெயிலில். பங்கைக் கூட்டிக் கேட்பீர்களா என்று கேட்டேன். “அதுவும் கேக்கணும். மொதல்ல நாலு கம்பு நட்டு ஒரு கீத்து கட்டிக் குடுக்கச் சொல்லு தம்பி” என்றார். மேஸ்திரி அதை வியாபாரியிடம் சொல்வதா, நிலத்துக்காரரிடம் சொல்வதா என்று யோசித்தார். கூலி கொடுப்பவர் ஒருவர், வயல் இன்னொருவருடையது. நாளைக்குக் காய் வெட்டும் வயலின் சொந்தக்காரருக்கே போன் போட்டார்.