பனி மூடிய ஏரியும் சங்கராசாரியர் மலையும்

சென்னைக்கு மேற்கே வாழும் எங்களுக்கு ஏரி என்பது அன்றாடம் பார்த்துப் பழகிய உறவு. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு, பூவிருந்தவல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் என்று திசைதோறும் ஏரிகள். திருநின்றவூரில் ஏரியருகே கோயில் கொண்ட இராமபிரானுக்கே ‘ஏரி காத்த இராமர்’ என்றுதான் திருநாமம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் அதன் முழு அளவான 24 அடியை நெருங்குகிறதா என்று நாளிதழில் பார்த்துவிட்டே காப்பி அருந்துவது எங்கள் வழக்கம். ஆதலால் ஏரியைப் பற்றி எனக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதக் காலையில், காஷ்மீரத்துத் தால் ஏரிக்கரையில் அந்த எண்ணம் கலைந்தது.

ஆதிசங்கரர் தங்கித் தவமியற்றியதாகப் போற்றப்படும் ஸ்ரீநகர் மலைக்கோயிலைத் தரிசிக்க வேண்டும் என்பது என் மனைவியின் பல்லாண்டு ஆசை. பனியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது பன்னிரண்டு வயதுப் பேரனின் ஆசை. இரண்டையும் ஒரே பயணத்தில் நிறைவேற்றப் பொங்கல் விடுமுறையில் புறப்பட்டோம்.

டிசம்பர் 21 முதல் ஜனவரி 31 வரையிலான நாற்பது நாள் கடுங்குளிரை அங்குள்ளோர் ‘சில்லாய் கலான்’ என்பர். நம் கணக்கில் மார்கழி முதல் வாரத்தில் தொடங்கித் தை நடுப்பகுதி வரை. அதன்பின் இருபது நாள், பத்து நாள் என்று குளிர் படிப்படியாகத் தணியும். அந்நாள்களில் குழாய் நீரும் உறைந்துவிடும். ஃபெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் காங்கிரி என்னும் தணல் சட்டியை அணைத்தபடி மக்கள் நடமாடுகின்றனர்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,580 மீட்டர் உயரத்தில் உள்ள நன்னீர் ஏரி தால். எல்லா ஆண்டும் அது முழுதாக உறைவதில்லை. பல ஆண்டுகளில் கரையோரங்களில் மட்டும் மெல்லிய கண்ணாடித் தகடுபோல் பனிக்கட்டி படரும். 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.4 பாகைக்கு இறங்கியது. முப்பது ஆண்டுகளில் காணாத குளிர் அது. அப்போது ஏரி பரவலாக உறைய, மக்கள் அதன்மேல் நடக்கத் தலைப்பட்டனர். நடக்க வேண்டாமென்று நிர்வாகம் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது.

நாங்கள் சென்ற காலையில் இரவுப் பனி பெய்து ஓய்ந்திருந்தது. கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வெண்மை. ஒரு நாய் அதன்மேல் நடந்து சென்ற காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தது.

“தாத்தா, இதுமேல நடக்கலாமா?” என்றான் பேரன்.

“அம்பத்தூர் ஏரியைப் பார்த்து வளர்ந்தவன்டா நான். ஓரத்தில் நின்றால் ஒன்றும் ஆகாது” என்று சொல்லி, அவனுக்கு வழிகாட்டுபவன்போல் வலக்காலை எடுத்து வைக்கப் போனேன்.

“ஸாப், அங்கேயே நில்லுங்கள்!” என்றொரு குரல். சிக்காரா படகோட்டி ஒருவர் துடுப்புடன் ஓடி வந்தார். என்னிடம் எதுவும் பேசவில்லை. நான் கால் வைக்கவிருந்த இடத்தில் துடுப்பின் நுனியால் ஒரே ஒரு குத்து. பனி உடைந்து கருநீர் பொங்கி மேலே பரவியது. பனிக்கட்டியின் கனம் என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. பேரன் என் கையை இறுகப் பற்றிக்கொண்டான். எனக்கு முன்னே அவன் குதித்திருந்தால் என்ற நினைவு வர, அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

பின்னர் அவர் பொறுமையாக விளக்கினார். படகு கட்டும் முளைகளின் அருகிலும், நீர்ச்செடி அடர்ந்த இடத்திலும், ஊற்றும் ஓட்டமும் உள்ள இடத்திலும் பனிக்கட்டி மெலிந்தே இருக்குமாம். பத்தடி தள்ளித் தாங்குவது இங்கே தாங்காது. மேலே விழுந்த புதுப்பனி கம்பளிபோல் மூடி, கீழே நீர் கெட்டியாவதைத் தாமதப்படுத்தும், விரிசலையும் மறைத்துவிடும். முன்னொரு காலத்தில் இந்த ஏரியின்மேல் ஜீப் ஓட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்லும் கதையைக் கேட்டுத்தான் வெளியூரார் துணிகின்றனர் என்று வருந்தினார்.

ஊர் திரும்பிய பின் இதுபற்றித் தேடிப் படித்தேன். நீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கிறது. அதனினும் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறைவதால், அடியில் நீர் நீராகவே நிற்கிறது. குளிர்நாடுகளில், தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது நான்கு அங்குலக் கனம் இருந்தாலன்றி ஒருவர் நடக்கலாகாது என்பர். வெண்ணிறப் பனிக்கட்டியின் வலிமை ஏறத்தாழ அதில் பாதியே. தவறி விழுந்தவர் முதலில் மூச்சை நிதானப்படுத்தி, தாம் வந்த திசைக்கே திரும்பி, கைகளைப் பனிமேல் நீட்டி, கால்களை உதைத்து ஏறி, எழுந்து நில்லாமல் உருண்டே கரை சேர வேண்டும். காப்பாற்றச் செல்பவரும் அருகே ஓடலாகாது; கயிறோ கழியோ நீட்ட வேண்டும்.

அன்று முற்பகல் மலையேறினோம். வாகனம் செல்லும் பாதைக்கு மேல் இருநூறுக்கும் மேற்பட்ட கற்படிகள். முதியோர் பிடிமானமுள்ள காலணியுடன், கைகளைச் சட்டைப்பையில் விடாமல், சிற்றடி வைத்து ஏறுதல் நலம். கோயிலுள் வெறுங்காலுக்குக் கல் ஊசியாய்க் குத்துமாதலால் கம்பளிக் காலுறை கட்டாயம். எண்கோண மேடையின்மேல் எழுந்த அந்தப் பழைய கற்கோயிலின் சிறு கருவறையில் பெரிய இலிங்கத் திருமேனியாக ஈசன் காட்சி தருகிறார். என் மனைவி கண்மூடி நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்து கீழே நோக்கினேன். தால் ஏரி முழுவதும் ஒரே பார்வையில் விரிந்தது. கரையில் நின்றபோது மாசற்ற வெண்மையாகத் தோன்றிய பரப்பில், இங்கிருந்து பார்க்கையில், ஆங்காங்கே கரிய திட்டுகளும் கோடுகளும் தெரிந்தன. அவையெல்லாம் மெலிந்த இடங்கள். நாங்கள் நின்ற படித்துறைக்கு நேர் எதிரே அத்தகைய திட்டு ஒன்று பெரிதாகவே இருந்தது. வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள், பேரேடு சரியாக இருக்கிறது என்பதற்காகப் பெட்டகத்தைத் திறந்து எண்ணாமல் கையெழுத்திட்டதில்லை நான். அந்தக் காலையில் மேலேட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திடத் துணிந்திருந்தேன். தடுத்தாட்கொண்டவன் மலைமேல் இருந்தான். அவன் அனுப்பியவர் துடுப்போடு கீழே நின்றார். இறங்கியதும் அவரைத் தேடிச் சென்று கைகூப்பினேன். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

அவ்வாண்டு வைகாசியில் எங்கள் ஏரி பாதி வற்றிக் கிடந்தது. பேரனும் நண்பர்களும் ஆடிய பந்து, வெடித்துக் காய்ந்த வண்டல்மேல் போய் விழுந்தது. நான் கரையில் அமர்ந்திருந்தேன். பேரன் ஓரம் வரை ஓடி, சட்டென்று நின்றான். அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “தாத்தா, இங்க இறங்கலாமா?” என்று கேட்டான்.

“வேணாம்பா, மேலதான் காஞ்சிருக்கு. உள்ள முழங்கால் சேறு” என்றார் அவர். தம் கழியை நீட்டி அவரே பந்தை இழுத்துக் கொடுத்தார்.