உடனே என்றால் எப்போது?

முதல் தகவல் அறிக்கையை வக்கீல்கள் மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. கட்டு கைக்கு வந்ததும் கண் நேராகப் போவது நடுவரின் கையெழுத்துக்குத்தான். இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்ன எண் காவலர் கொண்டுவந்து கொடுக்க என் வீட்டில் பெற்றுக்கொண்டேன் என்று அவசரமாகக் கிறுக்கிய இரண்டு வரி இருக்கும். கொலை வழக்கில் பல எதிரிகளின் கழுத்து அந்த இரண்டு வரியில்தான் தொங்குகிறது.

காரணம் ஓர் ஆங்கில வினையடை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் வந்தால், நிலைய அதிகாரி அதைப் பற்றிய அறிக்கையை நடுவருக்கு ‘ஃபோர்த்வித்’ அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். 1898-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 157-ஆம் பிரிவில் இருந்த சொல் இது. 1973-இல் புதுச் சட்டம் வந்தபோது அதே எண்ணில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 176-ஆம் பிரிவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. எத்தனை மணி நேரம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் எங்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

நான் சொல்ல வந்த வழக்கு 2000-களின் தொடக்கத்தில் தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் நடந்தது. கோயில் கொடைக்கு வரி பிரித்ததில் தகராறு. மாலை ஏழு மணி வாக்கில் ஒருவருக்கு அரிவாள் வெட்டு. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கே இறந்துபோனார். அவருடைய தம்பி இரவு 9.30-க்கு நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்ததாக எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. எதிரிகள் நான்கு பேர். நிலையத்திலிருந்து நடுவர் குடியிருப்பு 11 கிலோமீட்டர். நடுவர் கையெழுத்திலோ மறுநாள் மாலை 4.20 என்று இருந்தது. கொலை என்றால் அதை எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்பார்கள், ஆள் கையில் கொடுத்து நடுவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியாவது சேர்க்க வேண்டிய காகிதம். அது கிட்டத்தட்ட 19 மணி நேரம் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

என் கட்சிக்காரர் நாலாவது எதிரி. முதல் எதிரியின் சித்தப்பா மகன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. கம்பால் அடித்தார் என்று ஒரே ஒரு வரி அவர்மேல். ஊர்ப் பகை வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். வெட்டியவன் இரண்டு பேர் என்றால், அந்த வீட்டில் படித்தவன், வேலைக்குப் போகிறவன், வழக்குச் செலவு செய்யக்கூடியவன் பெயர்களும் கூடவே ஏறிவிடும். ஏற்றுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம்தான் இந்த 19 மணி.

ஆனால் தாமதத்தை மட்டும் காட்டி வழக்கை ஜெயிக்க முடியாது. பாலா சிங் வழக்கில் 1972-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அறிக்கை உண்மையிலேயே நேரத்தில் பதிவாகி, அதன் பேரில் புலன் விசாரணையும் தொடங்கியிருந்தால், நடுவருக்குப் போகத் தாமதமானது ஒன்றே வழக்கைக் கெடுத்துவிடாது. மறுபக்கம், 1980-இல் மருதனால் அகஸ்தி வழக்கில், கேரளத்திலிருந்து போன மேல்முறையீட்டில், 28 மணி நேரத் தாமதம் அரசுத் தரப்புக்கு எதிராகத் திரும்பியது. ஆக, நேரத்தை எண்ணுவதில் பயனில்லை. தாமதத்துக்குள் என்ன நடந்தது என்று காட்ட வேண்டும்.

என் சீனியர் அப்போது கோர்ட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டு வீட்டு மாடியில் புத்தகங்களோடு இருந்தார். கட்டைக் கொண்டுபோய் வைத்தேன். தீர்ப்புத் தொகுதிகளை எடுப்பார் என்று பார்த்தால், எடுத்தது அகராதிகளை. 1890-இல் முதல் பதிப்பு வந்த ஸ்ட்ரௌடின் சட்ட அகராதி, சென்னை வக்கீல் பி. ராமநாத ஐயர் 1940-இல் கொண்டுவந்த லா லெக்சிகன், கூடவே ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியில் ஒரு தொகுதி.

“ஃபோர்த்வித்துன்னா என்னப்பா?” என்றார்.

“உடனடியாக சார்.”

“அது இப்போ. முதல்ல என்ன அர்த்தம் தெரியுமா? ‘கூடவே’ன்னு அர்த்தம். ஒருத்தரோட கூடப் போறது.”

1200 வாக்கில் ஆங்கிலத்தில் ஃபோர்த், வித் என்று இரண்டு சொல்லாகச் சேர்ந்து வந்தபோது, ஒன்றோடு ஒன்றாக, அதே சமயத்தில் என்றுதான் பொருள். அடுத்த நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டு ‘தாமதமின்றி’ ஆனது. நம் மொழியிலும் இதே பாதைதான். உடன் என்றால் கூட, உடன்பிறந்தான், உடன்படிக்கை. அதோடு ஓர் ஏகாரம் சேர்த்தால் உடனே. கையோடு என்பதும் அப்படித்தான்: கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றால், கையில் வாங்கின சூட்டோடு என்று அர்த்தம்.

அவர் அத்தோடு விடவில்லை. வேகத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் எப்படிச் சோம்பேறியானது என்று வரிசையாகச் சொன்னார். சூன் என்பது பழைய ஆங்கிலத்தில் சோனா; அப்போது அதற்குக் ‘கணமும் தாமதியாமல்’ என்று பொருள். இன்றைக்கு சூன் என்று சொல்லிவிட்டு எவனும் ஒரு வாரம் இழுக்கலாம். அனான் என்ற சொல்லுக்கும் அதே கதி. பை அண்ட் பை என்பது 1611-இன் ஜேம்ஸ் அரசர் பைபிளில்கூட உடனடியைத்தான் குறிக்கிறது. ஏரோதின் முன் ஆடிய பெண் யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் கேட்கும் இடத்தில் அந்தத் தொடர் வருகிறது. இன்றைய பொருளில் படித்தால், சாவகாசமாகக் கொடுத்தால் போதும் என்று அவள் சொன்னதுபோல ஆகிவிடும்.

பிரெசன்ட்லியின் கதை இன்னும் வேடிக்கை. ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்தக் கணமே. பிறகு தேய்ந்து ‘சற்று நேரத்தில்’ என்று ஆனது. இங்கிலாந்து நாவல்களில் அந்தப் பொருளில்தான் பெரும்பாலும் வரும். நம் பிரமாணப் பத்திரங்களில் ‘பிரெசன்ட்லி ரிசைடிங் அட்’ என்று ஒரு தொடர் தவறாமல் இருக்குமே, அங்கே அதற்கு ‘தற்போது’. இது பிழை என்று முகம் சுளித்த ஆங்கிலப் பண்டிதர்கள் உண்டு. உண்மையில் அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள்களில் அதுவும் ஒன்று. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் அது சாகாமலே இருந்தது.

ஏன் இப்படி? சீனியர் சிரித்தார். சொல் தேய்வதில்லை, சொல்கிறவன்தான் தேய்க்கிறான் என்றார். வீட்டில் சட்டையைத் தேடிக்கொண்டே போனில் “இதோ வந்துட்டேன்” என்கிறோம் இல்லையா, அதே கை வரிசைதான். சட்டம் மட்டும் ஃபோர்த்வித்தைத் தேயவிடாமல் தாங்கிப் பிடித்தது. 1870-களின் இறுதியில் பெர்க்‌ஷயர் நடுவர்கள் வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன், இது ‘நியாயமான காலத்துக்குள்’ என்பதைவிட வலுவான சொல் என்று தீர்ப்புச் சொன்னார். நம் கோர்ட்டுகளிலும் அந்தத் தீர்ப்பை இன்றுவரை எடுத்துக்காட்டுகிறோம்.

மாடியிலிருந்து இறங்கும்போது எனக்குச் சிக்கியது வரலாறு அல்ல, ஒரு கேள்வி. உடன் என்றால் எதனுடன்?

எஃப்.ஐ.ஆர். கொண்டுபோன காவலரை அரசுத் தரப்பு சாட்சியாகப் போட்டிருந்தார்கள். வழக்கமாக ஐந்து நிமிடச் சாட்சி. வயதானவர், நல்ல மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். முதல் விசாரணையில், அறிக்கையைப் பெற்று உடனே புறப்பட்டுப் போய் நடுவரிடம் ஒப்படைத்தேன் என்றார். நீதிபதி அதை அப்படியே தட்டச்சருக்குச் சொல்ல, அவர் அடித்து முடித்தார்.

குறுக்கு விசாரணையில் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கேட்டால் பஸ் பழுது, மழை, நடுவர் வெளியூர் என்று விளக்கங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் ஏன் என்று கேட்கவில்லை.

“உடனே புறப்பட்டேன்னு சொன்னீங்க. எது நடந்த உடனே?”

“கையில குடுத்த உடனே, ஐயா.”

“யார் கொடுத்தது?”

“இன்ஸ்பெக்டர் ஐயா.”

“அப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“பந்தோபஸ்துல இருந்தோம். பொட்டலம் வந்துச்சு. சாப்ட்டுக் கை கழுவிட்டு நின்னேன். கூப்பிட்டுக் குடுத்தாங்க. உடனே கிளம்பிட்டேன்.”

“ராத்திரிச் சாப்பாடா?”

“இல்லய்யா, மத்தியானச் சாப்பாடு.”

அரசு வக்கீலான பி.பி. எழுந்துவிட்டார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு சாட்சியை ஒரு முறை பார்த்தார். பிறகு வழக்கம்போல எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாக மடித்து, அறிக்கையை ஆய்வாளர் கொடுத்தவுடன் எடுத்துச் சென்றேன் என்று தட்டச்சருக்குச் சொல்லத் தொடங்கினார். அப்படிப் பதிவாகியிருந்தால் பொட்டலமும் போயிருக்கும், மத்தியானமும் போயிருக்கும். சாட்சியத்தைத் தொடர் நடையில் எழுதுவதே வழக்கம் என்றாலும், எந்தப் பகுதியையும் கேள்வி–பதிலாகப் பதிவு செய்ய அப்போது நடப்பிலிருந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். ஒப்புக்கொண்டார். என் தொழிலில் நான் வாய்விட்டுப் பேசிப் பெற்றவற்றில் அந்த அரைப் பக்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

வாதத்தின்போது பி.பி. சும்மா இருக்கவில்லை. அவர் எடுத்துவந்தது நல்ல தீர்ப்பு: கேசவ் நீல்கண்ட் ஜோக்லேகர் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1956. தடுப்புக் காவல் ஆணை பிறப்பித்தால் அதை மாநில அரசுக்கு ஃபோர்த்வித் தெரிவிக்க வேண்டும் என்றது 1950-ஆம் ஆண்டுச் சட்டம். பம்பாய் போலீஸ் கமிஷனர் ஜனவரி 13-இல் ஆணை போட்டு, 21-இல்தான் அறிக்கை அனுப்பினார். எட்டு நாள்! அதுவும் ஃபோர்த்வித்தான் என்றது நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் நம் டி.எல். வெங்கடராம ஐயர், 1944-இல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியவர். தாளத்தில் தட்டு எங்கே விழ வேண்டும் என்று தெரிந்த மனிதரே எட்டு நாளை விட்டுக்கொடுத்தாரே என்று பி.பி. சொன்னதும் கோர்ட்டில் சிரிப்பு.

அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்தால் அது எனக்கும் உதவியது. தவிர்த்திருக்கக்கூடிய தாமதம் இருந்ததா என்பதே ஃபோர்த்வித் எழுப்பும் கேள்வி என்கிறார் ஐயர். மாநில மறுசீரமைப்பை ஒட்டி அந்த ஜனவரியில் பம்பாய் பற்றியெரிந்தது. போலீஸ் முழுக்கத் தெருவில் நின்றது. அதை கமிஷனர் விளக்கிச் சொன்னார், நீதிமன்றம் ஏற்றது. நம் நிலையத்தில் அன்றிரவு எது எரிந்தது? யாரும் எந்த விளக்கமும் சொல்லவில்லை. 11 கிலோமீட்டர் சாலை, ஜீப் ஒன்று, கடைசிப் பஸ் ஒன்று, எல்லாம் இருந்தன.

இதோடு கோக்க இன்னொரு காகிதம் கிடைத்திருந்தது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம். இரவு 8.40-க்குப் பணி மருத்துவர் தன் கையால் எழுதியது: தெரிந்த இரண்டு நபர்களால் அரிவாளால் வெட்டப்பட்டதாகச் சொல்லப்பட்டது. சொன்னவர் கூட வந்த அதே தம்பி. 8.40-க்கு இரண்டு பேர். நடுவர் கைக்கு வரும்போது நான்கு பேர். அந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதற்கு மேல் பேச எனக்கு அதிகமில்லை.

இறந்தவரின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெட்டியதை நேரில் பார்த்தவர். அவர் சாட்சியத்தில் முதல் இருவரைப் பற்றிச் சொன்னது காயங்களோடு பொருந்தியது. அதை நான் அசைக்கவும் பார்க்கவில்லை. பெயர்களைக் கூட்டியது யாராக இருந்தாலும், அவர்கள் அந்த அம்மாளுக்குச் செய்தது துரோகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நல்ல வழக்கை நாலு பேர் வழக்காக்கி மொத்தமும் கவிழும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

தீர்ப்பு முதல் இரண்டு எதிரிகளுக்கு ஆயுள்; மூன்றாமவரும் நாலாமவரும் விடுதலை. மேல்முறையீட்டிலும் அது நின்றது. நானும் பி.பி.யும் மல்லுக்கட்டிய காக்பர்னும் ஜோக்லேகரும் தீர்ப்பில் ஒரு வரிகூட இடம்பெறவில்லை. காவலர் மதிய உணவுக்குப் பிறகே அறிக்கையைப் பெற்றதாகச் சொல்வதாலும், பதிவேட்டில் இருவரே குறிக்கப்பட்டிருப்பதாலும், மற்ற இருவர் பெயர்கள் பின்னர் சேர்க்கப்பட்டிருக்க இடமுண்டு என்று நீதிபதி சுருக்கமாக முடித்திருந்தார்.

2016-இல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. தொலைதூர இடங்களுக்குச் சற்றே கூடுதல் அவகாசம், சில வகைக் குற்றங்களுக்கு விலக்கு. வினையடையை விட்டுவிட்டு எண்ணைப் போட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நடுவருக்குப் போகும் அறிக்கைக்கு மட்டும் இன்னமும் ஃபோர்த்வித்தான்.

அந்தக் காவலருக்கு மெமோ வந்தது. கடமையில் கவனக்குறைவாம். தெரிந்தவர் மூலம் என்னிடமே அனுப்பியிருந்தார். எதிர்த் தரப்பில் குறுக்கு விசாரணை செய்த நான் அவருக்குப் பதில் எழுதிக் கொடுப்பது முறையல்ல என்பதால், நண்பர் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். அதற்கு முன் மெமோவை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். மேற்படி குற்றச்சாட்டுக்கு உடனடியாக எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும் என்றிருந்தது. அடுத்த வரி: அதாவது, இது கிடைத்த 15 நாட்களுக்குள்.