பெங்களூர்ப் பெட்டிக்கு உட்லண்ட்ஸிலிருந்து ஒரு நன்றி

மதிப்பிற்குரிய ராஜ் நாராயண் அவர்களுக்கு,

நீங்கள் 1979இல் உருவாக்கிய மின்னணுத் தம்புராவின் வம்சத்தில் வந்த உங்கள் பெங்களூர் ரேடல் நிறுவனத்தின் பழைய பெட்டி ஒன்று, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்தது. இந்திய பிளக்கின் உருண்டை முனைகள் இங்குள்ள சுவரில் நுழையாது. மின்சாரம் என்னவோ இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான். தேக்காவில் ஓர் அடாப்டர் வாங்கினோம், பாட ஆரம்பித்தோம்.

நீங்கள் பொறியாளர் மட்டுமல்ல, புல்லாங்குழல் வாசிப்பவரும்கூட. அது பெட்டியைத் தொட்டாலே தெரிகிறது. கட்டைக்கு ஒரு திருகு, நுண்ணிய சுருதிக்கு இன்னொன்று, வேகத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போலப் பஞ்சமம் இல்லாத ராகமென்றால் மத்தியமத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தியையும் அது வரிசை தப்பாமல் மீட்டிக்கொண்டே இருக்கும். வாத்தியம் வாசிக்கத் தெரியாதவரும் வாசிக்கக்கூடிய வாத்தியம் இது.

தஞ்சாவூர்த் தம்புராவோடு இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. ஒப்பிடட்டும். ஆனால் அந்தப் பலாமரக் குடத்தை விமானத்தில் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் தந்தி இறங்க இறங்கக் கூட்ட வேண்டும். ஜீவாளி நூலை நகர்த்தி நாதம் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்ட ஓர் ஆள் வேண்டும். தானே மீட்டிக்கொண்டு பாடலாம்தான். ஆனால் பாடவே இப்போதுதான் பழகுகிறவருக்கு அது இரட்டைச் சுமை. ஷிப்ட் முடிந்து வந்து அரைமணி நேரம் வர்ணம் பாட நினைக்கும் பெண்ணுக்குப் பின்னால் யார் உட்கார்ந்து மீட்டுவார்கள்? நீங்கள் அந்த ஆளின் தேவையையே எடுத்துவிட்டீர்கள். என் நன்றி முக்கியமாக இதற்குத்தான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டிகளின் ஒலி, சீசாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல இருக்கும். பிந்தைய டிஜிட்டல் பெட்டிகள் எவ்வளவோ தேவலை. பெட்டியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கத் தெரியவில்லை என்று ஆசிரியர்கள் வருத்தப்படுவதும் நியாயமே. கச்சேரி மேடையில் எனக்கு இன்றும் தம்புராதான் வேண்டும். வீட்டுக்கு உங்கள் பெட்டி.

1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களில் வகுப்புக்குப் போய்வரலாம். வகுப்பு வாரத்தில் சில மணி நேரம்தான். மற்ற நாளெல்லாம் சாதகம் வீட்டில், தனியாக. சுவருக்கு அந்தப் பக்கம் மலாய்க் குடும்பம், மேலே சீனப் பாட்டி. ஒலியைக் குறைத்து வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை; சுருதியும் விலகாது.

இப்போது பலரும் கைப்பேசித் தம்புராச் செயலிக்கு மாறிவிட்டார்கள். அதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதிப் பாட்டில் வாட்ஸ்அப் மணி அடிக்கும். உங்கள் பெட்டிக்கு ஒரே வேலைதான் தெரியும்.

இதைப் படிக்கும் சிங்கப்பூர் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் பழைய சுருதிப் பெட்டி ஏதாவது கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஒலித்தால், பாட்டு கற்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.


உட்லண்ட்ஸ்வாசி ஒருத்தி